வெள்ளிச் சப்பாத்தின் வலதுகால்

என் வீட்டுக் கரப்பான் பூச்சிகள் ஒரு கலியாணச் சப்பாத்தால் சாகின்றன. வெள்ளி நிறம், குதி உயர்ந்தது, வலதுகால் மட்டும். ஒரே போடுதான். அதன் இடதுகால் பல கடல்களுக்கு அப்பால் பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. இரண்டும் இனி ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. அதை நினைக்கிற நேரமெல்லாம் நாக்கின் அடியில் புளி கரைகிற மாதிரி எனக்கு ஒரு சுகம்.

மன்னித்துவிடு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் நல்லாக நித்திரை கொள்கிறவர்கள். என் மனுசன் இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கையோடு லண்டனுக்குப் போனார். வேலை ஒன்று பார்த்துவிட்டு உம்மைக் கூப்பிடுகிறன் என்று சொல்லிப் போனார். பலெர்மோவில் எங்கள் சனத்தில் பாதி அப்படித்தான் போனது, அதனால் படிக்கட்டில் அவருடைய பெட்டியைக் கண்ட ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கூப்பிட்டார். என்னையல்ல. அவர் என்று எழுதுகிறேனே, அது மரியாதைக்கு என்று எண்ண வேண்டாம். அவன் என்று எழுத ஒரு நெருக்கம் வேண்டும்.

சனம் என்னை மலைக் குகைக் கோயிலில் இருக்கிற ரொசாலியா மாதாவிடம் அனுப்பியது. சைவமோ, வேதம் என்கிற கிறிஸ்தவமோ, இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு மனக்கவலை என்றால் அந்த மலைதான். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெயில் குடித்த கல்லில் ஏறினேன். குகைக்குள்ளே தண்ணீர் சொட்டுகிற இருட்டில் நின்று, அவருடைய காலை முறித்துத் தா தாயே என்று கேட்டேன். அவ முறிக்கவில்லை. இறங்கி வரும்போது என் குதிக்கால்தான் வெடித்திருந்தது.

அவர் விட்டுப்போன அறைக்குத்தான் அந்தப் பிலிப்பைன்ஸ் பெடியன் வாடகைக்கு வந்தான். பகலில் ஒரு கிழட்டு வக்கீலைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துகிற வேலை. இருபதுகளின் நடுவில் இருப்பான். தோளில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், தலையில் ஒரு பெரிய மட்டைப் பெட்டி. என்னை ஆத்தே என்று கூப்பிட்டான், அவர்களின் பாஷையில் அக்கா. நான் தம்பி என்றேன். மற்றதெல்லாம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இத்தாலியனில் கதைத்தோம். இங்கே என் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ அப்படி எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியைச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் மூலையில் அப்படி ஒன்று இடுப்பளவு உயரத்தில் வாய் திறந்தபடி நிற்கும். சம்பளத்துக்குச் சம்பளம் அதற்குத் தீன் போடுவார்கள். சவர்க்காரம், சொக்கலேட், பற்பசை, இறைச்சி டின், துவாய். மாதக்கணக்கில் தின்று அது நிறைந்த பிறகு காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி ஒட்டுகிற பிளாஸ்டிக் ரேப் சுற்றிக் கப்பலில் அனுப்புவார்கள். அது ஆடி அசைந்து போய்ச் சேர இன்னும் மாதங்கள். எவருக்கு என்று உள்ளே பேர் ஒட்டியிருந்தாலும் பெட்டியைத் திறப்பது அம்மாதான். தெருச்சனம் சுற்றி நிற்க அவதான் பங்கு பிரிப்பா. அவ தந்ததுதான் கிடைத்தது.

முதல் நாள் அவன் கிட்டாரை வயரில் கொழுவி ஒரு இழுப்பு இழுத்தான். யன்னல் கண்ணாடி சிலிர்த்தது. நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு மேசைக்குக் கீழே குனியப் பார்த்தேன். ஊரில் ஷெல் விழுந்த காலம் தொட்டுச் சத்தம் என்றால் எனக்கு எப்போதும் வெளியிலிருந்து வருவது, ஓடி ஒளிக்க வைப்பது. இது எங்கள் வீட்டுக்குள்ளேயிருந்து வெளியே போனது. நாங்கள் எழுப்புகிற சத்தம், தெரு கேட்கட்டும். அந்தக் கிழமையே நான் அந்த இரைச்சலுக்கு அடிமை. நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவின் மேசை விரிப்புகளைக் கொண்டுவந்து அதன் தாளத்துக்கு அயன் பண்ணினேன். மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது.

மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. மச்சாள் என்றால் லண்டன்காரரின் மூத்த அக்கா, பிரான்காச்சோவில் இருக்கிறா. ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து என் வீட்டை உளவு பார்த்துவிட்டுப் போவா.

“இதென்ன, வீட்டுக்கை இரும்பு அறுக்கிறீரே?” என்றா.

தம்பி பாட்டுப் படிக்கிறான் மச்சாள் என்றேன். பாட்டென்றால் வாய் இருக்க வேணுமே என்று கேட்டுவிட்டு, அவன் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குறை சொல்லாமல் குடித்தா.

வாய் ஊரில் இருந்தது. அவனுடைய காதலிதான் அவனுடைய பாண்டின் பாட்டுக்காரி. நாலு பேர் சேர்ந்த பாண்ட். அவளுக்காக அவன் கட்டிய ஒரு பாட்டு அவனுடைய தீவில் நாலைந்து ஊர்களில் பிரபலம். கூரை போடாத வீடு ஒன்றைப் பற்றியது. சுவர் மட்டும்தான் எழும்பியிருக்கிறது, இருந்தாலும் உள்ளே வா, மழையும் நமக்கு விருந்தாளி என்று வரும். அந்தக் கூரையைப் போடத்தான் இஞ்சை வந்தேன் என்பான். சொல்லிவிட்டு அந்த வரியை மெல்லத் தடவுவான், பூனையைத் தடவுகிற மாதிரி. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் சோறு வடிக்கிறபோது அதைத்தான் முணுமுணுத்தேன்.

அவள் ஒரு நாள் தன் இரண்டு பாதங்களையும் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு சுற்றிப் படம் எடுத்து அனுப்பினாள். மேடையில் போட நல்ல சப்பாத்து இல்லையாம். எங்கள் ஊரில் ஈர்க்கு முறித்து அளவு கொடுப்போம், அவர்கள் பாதத்தையே கீறி அனுப்புகிறார்கள். அதை உண்மை அளவுக்குப் பெரிதாக்கித் தாளில் அச்செடுத்து அவன் என்னிடம் கொண்டுவர, நான் சும்மா என் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சொல்லி வைத்த மாதிரி இருந்தது. ஆகவே ஜனவரி மலிவு விற்பனையில் வியா ரோமாவில் அவளுக்காக நடந்து பார்த்தது என் கால். கடைக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, சின்யோரா, நீங்கள் கொடுத்து வைத்தவள் என்றாள். நான் மறுக்கவில்லை. கண்ணாடியில் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு நிற்கையில் மறுக்க மனம் வராது.

சப்பாத்து பெட்டிக்குள் போனது. பெட்டி நிறைய இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அப்போதுதான் அந்த வீடியோ வந்தது.

குசினி மேசையில் பருப்பும் சோறும் ஆறிக்கொண்டிருந்தன. அவன் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். ஊரில் ஒரு மேடை. அவள் அந்தப் பாட்டைப் பாடுகிறாள், கூரையில்லாத வீட்டை. நல்லாகப் பாடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசி வரி முடிய ட்ரம்ஸ்காரன் எழும்பி வந்து அவளுடைய இடுப்பில் கை போட்டு ஒலிவாங்கியில் ஏதோ சொன்னான், சனம் ஆரவாரித்தது. எனக்கு விளங்கத் தம்பி ஒவ்வொரு சொல்லாக இத்தாலியனில் மாற்றித் தந்தான், பரீட்சையில் விடை சொல்கிறவன் மாதிரி. தாங்கள் இரண்டு பேரும் கலியாணம் கட்டப் போகிறார்களாம். இந்தப் பாட்டை அவளுக்காக எழுதியதும் அந்த ட்ரம்ஸ்காரனாம்.

“பெட்டை போனதை விடுவன், ஆத்தே. பாட்டையும் கொண்டு போட்டினம். கலியாணத்திலையும் அதைத்தான் பாடுவாள்.”

கிட்டாரை உறைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தான். இனி அவன் எந்த நரம்பைத் தொட்டாலும் அந்தப் பாட்டுத்தான் வந்தது, வந்ததும் அது அவனுடையதாக இல்லை. கிழமைகள் போயின. வீடு அமைதியாகி அமைதியாகி, பழையபடி என் மனுசன் விட்டுப்போன வீடாக மாறியது. நான் அயன் பண்ணிய விரிப்புகளில் மடிப்பு விழவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பாட்டை அவள் இனி ஒரு தரம்கூட நிம்மதியாகப் பாடக் கூடாது. எனக்கும் அதுவே வேண்டும் என்று ஆகிவிட்டது. என் கணக்கில் வாங்க முடியாத பழியை அவன் கணக்கிலாவது வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு சனி மத்தியானம் அவன் பெட்டியைக் கிளறி அந்தச் சப்பாத்துகளை வெளியே எடுத்துப் பல்கனிக்குப் போனான். கீழே குப்பைத் தொட்டி.

“எறியாதை. ஒண்டை மட்டும் அனுப்பு,” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் முதலில் பயம் வந்தது, பிறகுதான் சிரிப்பு. கனநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. எந்தக் காலை என்று கேட்டான்.

அதற்கு எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நான் கலியாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்த அன்று மச்சாள் இதே வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்று, வலதுகாலை எடுத்து வைச்சு வாரும் என்றா. வைத்தேன். வைத்து என்ன கண்டேன் என்பது வேறு கதை. ஆனாலும் ஒருத்தி புது வீட்டுக்குள் போக அவளுக்கு வலதுகால் வேண்டும். அதை நான் வைத்துக்கொள்கிறேன், இடதை அனுப்பு என்றேன். வலதை அரிசி வாளிக்குள் புதைத்தேன். இடதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய பேர் ஒட்டி வைத்து ரேப் சுற்றினோம். ரேப் கிழிகிற சத்தம் இருக்கிறதே, அவன் கிட்டாரின் முதல் இழுப்புக்கு அடுத்ததாக என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அது.

கப்பல் போனது. சூயஸோ ஆபிரிக்காவோ, எந்த வழியென்று தெரியாது. வக்கீலின் வீட்டிலிருந்து வருகிற வழியில் அவன் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வருவான். நான் சின்யோராவின் குளியலறைத் தரையைத் தேய்க்கும்போது அந்தப் பெண்ணின் முகம் விழப்போகிற விதத்தை யோசிப்பேன். ஓடு பளபளக்கும்.

பெட்டி திறக்கிற நாள் வந்தது. இஞ்சை காலைச் சாப்பாட்டு நேரம். அவனுடைய அம்மா வீடியோவில் கூப்பிட்டா. முற்றம் நிறையச் சனம், சின்னனுகள் கதிரையில் ஏறி நிற்கினம். அம்மா ரேப்பை வெட்டி முதல் சாமானாகச் சப்பாத்தைத் தூக்கினா. வெயிலில் அது மினுங்கிய மினுக்கம் குசினி வரைக்கும் வந்தது. மற்றதைத் தேடிக் கையை உள்ளே விட்டா. துவாய்களைக் கிளறினா. இன்னொரு தரம் கிளறினா. தெருவே மூச்சுப் பிடித்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மேசைக்குக் கீழே கையைக் கோர்த்துக்கொண்டிருந்தோம்.

அவ சிரித்தா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளங்கப்படுத்தினா. அவவின் தங்கச்சி குவைத்தில் வீட்டுவேலை செய்த காலத்தில் வழியில் பெட்டியை உடைத்து நல்ல சப்பாத்துகளைக் களவெடுப்பார்களாம். அதனால் தங்கச்சி ஒரு பெட்டியில் இடதுகால்களை அனுப்பி அடுத்த பெட்டியில் வலதுகால்களை அனுப்புவாவாம். ஒற்றைச் சப்பாத்தை எந்தக் கள்ளன் எடுப்பான். என் பிள்ளை என் தங்கச்சி மாதிரிக் கெட்டிக்காரன் என்றா. சனம் கை தட்டியது. பக்கத்துத் தெருவிலிருந்து அந்தப் பாட்டுக்காரியைக் கூட்டி வந்து எல்லோருக்கும் முன்னால் கையில் கொடுத்தா. தன்னை விட்டவளுக்கும் கலியாணப் பரிசு அனுப்பிய மகன் என்று இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள்.

தம்பிக்கு இந்த வழக்கம் தெரியாது, அது அவனுடைய சின்னம்மாவின் காலத்து வேலை. எனக்கு எங்கே தெரியும். நாங்கள் கத்தி அனுப்பினோம், அங்கே அதைப் பூங்கொத்தாக வாங்கி வைத்தார்கள்.

பின்னேரம் அவளுடைய செய்தி வந்தது. உன் மனது பெரிது, கலியாணத்துக்கு இதைத்தான் போடுவேன், மற்றது எப்போது வரும் என்று. அந்த மடையன் உருகிவிட்டான். உடனே விமானத் தபாலில் போட வேண்டுமாம். அலமாரியைத் திறந்தான், கட்டிலுக்குக் கீழே பார்த்தான். நான் அரிசி வாளியில் ஏறிக் குந்திக்கொண்டேன்.

“நீங்கள் உங்கடை மனுசனிலை உள்ள கோவத்தை என்ரை சப்பாத்திலை தீர்க்கிறியள்,” என்றான்.

“ஓம்,” என்றேன். “என்ரை கோவம் பெரிசு. உன்ரையையும் சேர்த்து நான்தான் வைச்சிருக்கிறன். உன்ரை பாட்டை ஆர் வைச்சிருக்கினம்?”

அவன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான். நான் வாளியை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிட்டார் உறையின் சிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அது புதுப் பாட்டு. பெரும்பகுதி அவர்களுடைய பாஷையில், திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி மட்டும் இத்தாலியனில்: வலது வராது. ஒரு பெட்டி வருகிறது, இன்னொரு பெட்டி வருகிறது, சவர்க்காரம் வருகிறது, துவாய் வருகிறது, வலது வராது. உன் வாசலில் இடதுகாலில் நில், நொண்டி ஆடு, வலது வராது. அந்த வரி வருகிற ஒவ்வொரு தரமும் கிட்டார் நின்றுவிடும், காலால் நிலத்தில் ஒரு உதை மட்டும். ஞாயிறுகளில் பிரான்காச்சோவில் ஒரு கராஜுக்குள் பழகினார்கள். கராஜ்காரன் ட்ரம்ஸ், மொரீசியஸ்காரச் சமையல்காரன் ஒருத்தன் பேஸ். கராஜ் மச்சாளின் கட்டடத்துக்குக் கீழே. அவ பல்கனியில் நின்று ஏசுவா. பிறகு பார்த்தால் உடுப்புக் காயப்போடுகிறபோது வலதுகாலால் தட்டிக்கொண்டிருந்தா.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாரின் முற்றத்தில், வெயில் இறங்குகிற நேரத்தில் அவர்கள் அதை முதல்முதல் வாசித்தார்கள். நான் அரிசி வாளிக்குள் கை விட்டேன். சப்பாத்தைத் தட்டித் துடைத்து வலதுகாலில் போட்டேன். இடதுகாலில் என் வழமையான செருப்பு. ஒரு பக்கம் உயரமும் மறுபக்கம் பள்ளமுமாக வியா லிங்கன் வழியே நடந்து போனேன், ஒரு கப்பல் மாதிரி. மச்சாள் பார் வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழே அளந்தா.

“என்ன உமக்கு, ஒரு கால் கலியாண வீட்டுக்கும் மற்றக் கால் சந்தைக்கும் போகுதே?”

இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் மச்சாள் போகுது என்றேன்.

அந்த முற்றத்தில் வங்காளிகள், கானாக்காரர், எங்கள் ஆட்கள், பியர் குடிக்க வந்த சிசிலியப் பெடியள். இரண்டாவது தரம் அந்த வரி வர எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வலது வராது. கிட்டார் நின்றது, நான் உதைத்தேன், முற்றமே உதைத்தது. மதிலில் பூச்சு உதிர்ந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாடினான், நெற்றி நரம்பு புடைத்து, வக்கீலைத் தூக்கிக் குளிப்பாட்டி உரமேறின கையால். நான் உதைத்தேன். லண்டனை உதைத்தேன், பாஸ்போர்ட்டை உதைத்தேன், ஆலத்தித் தட்டை உதைத்தேன், கால் முறிக்காத மாதாவின் குகை வாசலையும் ஒரு உதை. மச்சாள் வழக்கம்போல எல்லாவற்றையும் போனில் பிடித்தா. பாடுகிறவனைப் பிடித்து, அப்படியே கீழே இறக்கி என் காலையும் பிடித்தா. பிடித்ததைக் குடும்பக் குழுவில் போட்டா. எனக்குத் தெரியும், அந்தக் குழுவில் லண்டனும் இருக்கிறது.

தம்பி அதே வீடியோவை வாங்கித் தன் ஊர்ப் பக்கத்துக்கு அனுப்பினான். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அந்தச் சப்பாத்தின் சோடியைக் கையால் தொட்டுப் பார்த்த தெரு அது. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நடந்ததை அவனுடைய அம்மா சொல்லித்தான் கேட்டோம். என்னைத் தெருவுக்கு முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று முதலில் அவனைக் கிழித்தா. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் போனை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தா. கலியாண விருந்தில் அவள் வேறு சப்பாத்தோடு மேடை ஏறிக் கூரையில்லாத வீட்டைத் தொடங்கினாளாம். முதல் அடி முடிந்து மூச்செடுக்கிற இடைவெளியில் பின்வரிசையில் யாரோ வலதுகாலால் ஒரு உதை. அடுத்த இடைவெளியில் இன்னும் கொஞ்சப் பேர். மூன்றாம் அடிக்குக் கதிரைகள் ஆடினவாம். அவள் ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கினாள். பிறகு எங்கும் அந்தப் பாட்டை அவள் பாடினதாகத் தகவல் இல்லை.

இப்போது அதை எங்கள் குசினியில் இவன்தான் பாடுகிறான். இன்னும் கூரை போடவில்லை. எங்கே போடுவது என்றும் அவனுக்குத் தெரியாது.

எனக்கும் ஒன்று வந்தது. இத்தனை வருச மௌனத்துக்குப் பிறகு லண்டன் எழுதியிருந்தது: அந்தக் கால் உம்முடையதோ, உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ என்று. காலை மறக்கவில்லை பாருங்கள். பதில் போடவில்லை. அவர் இரண்டு நாளாக மச்சாளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவ சொல்ல நான் கேட்டுக்கொண்டே பயற்றங்காய் முறித்தேன், ஒவ்வொன்றும் நல்லாக முறிந்தது.

மூலையில் புதுப் பெட்டி நிற்கிறது. அம்மாவின் பாத அளவு வந்திருக்கிறது, அவவுக்கு இரண்டு காலையும் ஒரே பெட்டியில் அனுப்பப் போகிறான். நேற்று அவன் அதற்குள் சவர்க்காரம் அடுக்குகிறபோது போன் மின்னியது. அவள்தான். ஒரே ஒரு கேள்வி, அது யாருடைய கால் என்று. அவன் எனக்குக் காட்டினான். நான் சுவரோரம் ஓடின கரப்பான் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தேன், கையில் சப்பாத்து.

“என்ன பதில் போட, ஆத்தே?”

அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

“போடு,” என்றேன். “பதிலைக் கப்பலிலை போடு.”